உறை வழக்கு

ஜூலை 7

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் மாமாவும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, உன் மனைவியின் இருமல் நின்றதா, மூக்குக்கண்ணாடிக் கடையில் வியாபாரம் பரவாயில்லையா, எல்லாம் விவரமாக எழுது.

வாழ்நாளெல்லாம் டெலிபோன் ஆபீசில் ஊருக்கு லைன் போட்டுக் கொடுத்தவள் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். காரணம் அற்பமானதுதான். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மாலை நேரச் சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன் அல்லவா? பரீட்சை கையால்தான் எழுத வேண்டுமாம். போன வாரம் ஒரு தேர்வு வைத்தார்கள். ஒரு பக்கம் முடிப்பதற்குள் விரல் மரத்துப்போய்விட்டது. பேராசிரியை என் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இது விடையா, டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டா என்று கேட்டார். அன்றைக்கே முடிவு செய்தேன், இனிமேல் உனக்குக் கடிதம் எழுதித்தான் கையைப் பழக்குவது என்று. நீயும் கையால்தான் பதில் போட வேண்டும். அம்மாவோடு போனில் பேசினால் "ஆங்? ஆங்?" என்பதிலேயே பாதிப் பேச்சு போய்விடுகிறது. நீ பக்கத்தில் உட்கார்ந்து உரக்க வாசித்தால் நன்றாகக் கேட்டுக்கொள்வாள்.

நான் எடுத்திருக்கும் பாடம் தேர்தல் சட்டம். எங்கள் பேராசிரியைக்கு ஒரு வழக்கம். ஒரு வாரம் ஒரு வழக்கை நடத்துவார், அடுத்த வாரம் ஒரு படம் போடுவார். வேட்பாளர் வீடு வீடாகச் சுவர்க்கடிகாரம் கொடுக்கிற காட்சி வந்ததும் படத்தை நிறுத்தி, "எந்தப் பிரிவு?" என்பார். கோர்ட்டில் கதாநாயகன் மேசையைக் குத்தி வசனம் பேசினால், "நீதிபதி இப்போ என்ன செஞ்சிருக்கணும்?" என்பார். வெளியே அனுப்பியிருக்க வேண்டும் என்று நாங்கள் கோரஸாகச் சொல்வோம்.

போன வாரம் போட்ட பழைய படத்தைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. படத்தை நான் பார்த்ததே இல்லை, ஆனால் வசனம் முழுக்கத் தெரிகிறது. யோசித்தால், நம் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் தியேட்டரில் ஓடிய படம்! நாம் பார்த்த படங்களைவிடக் காதால் கேட்ட படங்கள்தானே அதிகம். தோற்றுப்போன வேட்பாளர் தன் மகளிடம் பேசும் அந்தக் கரகரத்த குரலுக்கு நான் மனதில் ஒரு முகம் வைத்திருந்தேன். திரையில் வந்தது வேறு ஆள். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அம்மாவிடம் சொல். அவளுக்கு ஞாபகம் இருக்கும்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 26

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. எல்லோரும் நலம். இருமல் நின்றுவிட்டது. அம்மாவின் முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் வலிக்கிறது, பக்கத்து வீட்டுக்குப் பேசப்போகும்போது வலிப்பதில்லை.

உன் கடிதத்தை வாசித்தேன். அந்தப் படத்தைச் சொன்னதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டு மகளுடைய வசனத்தை அப்படியே ஒப்பித்தாள். அந்த வசனம் வரும்போது அடுப்பில் குழம்பு கொதி வந்திருக்கும், அதற்கடுத்த சண்டையில் இறக்கி வைத்துவிடுவேன் என்றாள். நம் வீட்டில் கடிகாரம் எதற்கு இருந்தது என்றே தெரியவில்லை.

எனக்கு ஞாபகம் இருப்பது அந்தத் தியேட்டரில் அப்பா உட்கார்ந்து டிக்கெட் விற்ற ஜன்னல். கை மட்டும் நுழைகிற ஓட்டை. உள்ளே அப்பாவின் முகம் யாருக்கும் தெரியாது, ஆனால் வெளியே நீளும் கையைப் பார்த்தே யார் என்று சொல்வார். ஹவுஸ்புல் போர்டு மாட்டிய பிறகும் யாராவது வந்து ஜன்னலில் முகத்தை வைத்தால் போதும், நமக்கென்று வைத்திருந்த ஓரத்து இருக்கைகளைக் கொடுத்துவிட்டு, "நாளைக்குப் பாத்துக்கலாம்டா" என்பார். நாம் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்ச் சுவரில் காதை வைத்துக்கொள்வோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

அவர் இருந்திருந்தால் உன் வகுப்பு வாசலில் நின்று டிக்கெட் கிழித்திருப்பார்.

மாமாவைக் கேட்டதாகச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு, இது அம்மா சொல்லச் சொன்னது.

உன் அன்புத் தம்பி


ஆகஸ்ட் 18

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உங்கள் நலமும் அப்படியே இருக்கட்டும். முதல் இரண்டு பக்கம் அம்மாவுக்கு எழுதியது. இந்தத் தாளிலிருந்து உனக்கு மட்டும். வாசித்துக் காட்டாதே.

இது வழக்கு வாரம். நேற்றுப் பேராசிரியை ஒரு பழைய தீர்ப்பின் நகலைக் கொடுத்தார். வக்கீல்கள் வட்டாரத்தில் அதற்கு 'உறை வழக்கு' என்று பெயராம். பெயர்களெல்லாம் வெறும் முதலெழுத்துகளாகத்தான் இருந்தன. மனுதாரர் ஒரு திரையரங்கின் டிக்கெட் விற்பனையாளர். எதிர்மனுதாரர் மருத்துவமனைச் செவிலி. நகரசபைத் தேர்தல். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். அதற்கு மேல் வாசிக்க முடியாமல் தண்ணீர் குடிக்க வெளியே போய்விட்டேன்.

அப்பாவின் கேஸ், தம்பி. நாம் வீட்டில் பேசாமலே வளர்ந்த கேஸை என் கூடப் படிக்கிற பிள்ளைகள் கோடு போட்டு வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குத் தெரியாத விஷயமெல்லாம் அதில் இருந்தது. வாக்குப்பதிவு நாளில் அம்மா சாவடிக்குப் போனபோது, அவள் பெயரில் யாரோ ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மா விடவில்லை. சண்டை போட்டிருக்கிறாள். அதிகாரி தனியாக ஒரு சீட்டுக் கொடுத்து, அவள் முத்திரை குத்தியதும் உறையில் போட்டு ஒட்டி வைத்துவிட்டார். அந்த மாதிரி ஓட்டை எண்ண மாட்டார்கள். கோர்ட் சொன்னால்தான் பிரிப்பார்கள். ஒரு ஓட்டில் தோற்ற அப்பா, அந்த உறையைப் பிரிக்கச் சொல்லித்தான் மனுப் போட்டிருக்கிறார். கள்ள ஓட்டை நம்பர் பார்த்துக் கண்டுபிடித்து நீக்கி, அம்மாவின் ஓட்டைச் சேர்த்தால் ஜெயித்துவிடலாம் என்பது வக்கீலின் கணக்கு. ரகசிய ஓட்டை எப்படிப் பிரிக்கலாம் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. நீதிபதி நீளமாக யோசித்து, பிரிக்கலாம் என்று உத்தரவு போட்டார். அந்த உத்தரவுக்காகத்தான் வழக்குப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

ஆனால் அடுத்த விசாரணையில் மனுதாரர் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். யாராவது மிரட்டினார்களா, ஆசை காட்டினார்களா என்று நீதிபதி கேட்டிருக்கிறார். "இல்லை, என் சொந்த முடிவு" என்று பதில். அவ்வளவுதான். உறை பிரிக்கப்படவில்லை.

நர்சம்மாவிடம் காசு வாங்கிக்கொண்டு கேஸை விற்றுவிட்டார் என்று ஊர் சொன்னது உனக்கும் தெரியும். அந்த வருஷம் நான் விடுதியில் தங்கிப் படித்தேன். நீ வீட்டில் இருந்தாய். கைக்கு எட்டிய வெற்றியை அப்பா ஏன் விட்டார்? உனக்கு ஏதாவது தெரியுமா?

அன்புடன்,
அக்கா


அக்டோபர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். மழையில் கடையின் பின்பக்கக் கூரை ஒழுக ஆரம்பித்துவிட்டது. முதலில் ஒரு ஓடுதான் விரிசல் என்று நினைத்தேன். கொத்தனார் ஏறிப் பார்த்துவிட்டு மரச்சட்டமே உளுத்திருக்கிறது என்றார். பழைய சட்டத்தை எடுத்து, இரும்பு போட்டு, ஓடுகளை மாற்றி அடுக்கி, ஒரு பக்கம் தகரமும் போட்டாயிற்று. தகரம் வெயிலுக்குச் சூடாகும் என்று உன் தம்பி மனைவி சொல்கிறாள். ஓட்டுக்கும் தகரத்துக்கும் நடுவில் தார்ப்பாய் விரித்திருக்கிறேன். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததால் சின்னப் பிள்ளைகளுக்குக் கண்ணாடி நிறைய விற்கிறது. இப்போதெல்லாம் சிவப்பு ஃபிரேம்தான் கேட்கிறார்கள்.

பழைய கேஸைப் பற்றிக் கேட்டிருந்தாய். நான் அப்போது சின்னப் பையன், எனக்கென்ன தெரியும்?

அம்மா நன்றாக இருக்கிறாள். மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி


அக்டோபர் 24

தம்பிக்கு,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

நீ பொய் சொல்லும்போது ரொம்ப விவரமாகச் சொல்வாய். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். கணக்கு நோட்டைத் தொலைத்துவிட்டு வந்த நாளில் வழியில் பார்த்த மாட்டின் கொம்பு எந்தப் பக்கம் வளைந்திருந்தது என்பது வரை சொன்னாய். கூரையைப் பற்றி அரைப் பக்கம், அப்பாவைப் பற்றி ஒரு வரி. எனக்கு இது போதும். உனக்குத் தெரியும்.

இந்த வாரம் என்ன நடந்தது என்று சொல்கிறேன். உறை வழக்கில் மனுதாரர் ஏன் விலகினார் என்று பேராசிரியை வகுப்பைக் கேட்டார். கரும்பலகையில் 'காரணம்' என்று எழுதிப் பக்கத்தில் இடம் விட்டிருந்தார். மிரட்டல் என்றாள் ஒரு பெண். வக்கீல் செலவு தாங்கவில்லை என்றான் இன்னொருவன். முன்பெஞ்சில் ஒரு பையன் இருக்கிறான், கெட்டிக்காரன், எதற்கும் முதலில் கை தூக்குவான். அவன் எழுந்து, "மேடம், டிக்கெட் விக்கிறவர்தானே? பிளாக்ல வித்திருப்பார்" என்றான். வகுப்பே சிரித்தது. பேராசிரியைகூடச் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் அவனை உட்காரச் சொன்னார். அவனைத் தப்புச் சொல்ல முடியாது. தாளில் இருக்கிற மனுஷனைத்தானே அவனுக்குத் தெரியும்.

நான் புத்தகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். எனக்கு முதலில் வந்த சம்பந்தம் நினைவிருக்கிறதா? எல்லாம் பேசி முடித்த பிறகு மாப்பிள்ளையின் பெரியப்பா, "கேஸை வித்த டிக்கெட்காரர் பொண்ணா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். அப்பா வாசல்வரை போய் அவர்களை வழியனுப்பினார். கோபப்படக்கூட இல்லை. நான் அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று இருந்தது.

டிசம்பரில் ஆளுக்கொரு வழக்கை எடுத்து வகுப்பின் முன் பேச வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் எனக்கு விழுந்தது எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். நான் மாற்றவில்லை. அங்கே நின்று என்ன சொல்வது, தம்பி?

அக்கா


நவம்பர் 3

அக்கா,

இங்கே எல்லோரும் நலம்.

தெரியாது என்று இனிமேல் சொல்லமாட்டேன். ஆனால் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். யாருக்கு என்று கேட்காதே. அப்பா ஒரு பைசா வாங்கவில்லை, அது மட்டும் சத்தியம். மற்றதை என்னிடம் கேட்காதே, தயவுசெய்து.

தம்பி


நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இது அம்மா சொல்லி நான் எழுதும் கடிதம். ஒரு பக்கம் விடாமல் எழுதியிருக்கிறேனா என்று பிறகு பூதக்கண்ணாடி வைத்து வாசித்துப் பார்ப்பாளாம். ஏன் என்று கீழே தெரியும்.

சனிக்கிழமை கடையிலிருந்து வந்தேன். அம்மா மேசையருகில் உட்கார்ந்திருந்தாள். கையில் நான் வாசிக்கிற பெரிய பூதக்கண்ணாடி, எதிரே உன் கடிதங்கள். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவ நாலு பக்கம் எழுதறா, நீ ரெண்டு பக்கம் வாசிக்கிறே. எனக்குக் காதுதான் கேக்காது, கண்ணு தெரியும்" என்றாள்.

அப்புறம், அந்தச் சம்பந்தத்தை அவர்கள் கலைத்துவிட்டுப் போனபோது நீ அறைக்குள்ளிருந்து பார்த்தாய் என்பது இன்றைக்குத்தான் தனக்குத் தெரியும் என்றாள். பின்கட்டில் இருந்தாய் என்று நினைத்திருந்தாளாம். பிறகு பேனாவை என் பக்கம் தள்ளி, "எழுது" என்றாள்.

அப்பாவின் காரியம் முடிந்த பிறகு என்னிடம் ஒருமுறை சொன்னதுதான். அப்போது சொல்லாதே என்று கையில் அடித்து வாக்கு வாங்கியவளும் அவள்தான். இப்போது அவளே விடுவித்துவிட்டாள்.

உறையைப் பிரிக்கலாம் என்று உத்தரவான பிறகு அப்பா தரையில் கால் படாமல் நடந்தாராம். விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம், கோர்ட்டுக்குப் போட்டுப்போகிற வெள்ளைச் சட்டையை அவரே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் படம் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா போய்ப் பக்கத்தில் நின்று, அந்த உறையைப் பிரித்தால் உள்ளே யாருக்கு முத்திரை குத்தியிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியுமா என்று கேட்டாள்.

"தெரியும். நீதிபதி, வக்கீல், குமாஸ்தா, பேப்பர்காரன், எல்லார் முன்னாடியும்தான் பிரிப்பாங்க" என்றார் அப்பா.

"அப்ப பிரிக்க வேண்டாம்" என்றாள் அம்மா.

அப்பா திரும்பி அவளைப் பார்த்தார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். பிறகு மறுபடியும் எடுத்து, விட்ட இடத்திலிருந்து மீதிச் சட்டையையும் தேய்த்து முடித்தார். காலர், இரண்டு கை, எல்லாம். அந்தச் சட்டையைத் தேய்த்து முடிக்கிறவரை அங்கேயே நின்றதுதான் என் வாழ்க்கையிலேயே ரொம்பக் கஷ்டமான வேலை என்றாள் அம்மா.

மடித்து வைத்துவிட்டு அப்பா ஒன்றுதான் கேட்டார். "என்மேல ஏதாவது கோபமா?"

கோபமெல்லாம் இல்லை, அக்கா. அம்மா சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்: "உங்க அப்பாவுக்கு முடியாதுன்னு சொல்லத் தெரியாது. புள்ளைங்களுக்கு வச்ச சீட்டையே எடுத்துக் குடுக்கிற மனுஷன். அவரு கவுன்சிலரானா காண்டிராக்டர் நீட்டற எடத்துலல்லாம் கையெழுத்துப் போடுவாரு, கெட்ட எண்ணத்துல இல்ல, பாவம் பாத்து. அந்த நர்சம்மாவுக்கு முடியாதுன்னு சொல்லத் தெரியும். ஆஸ்பத்திரியில பெரிய டாக்டரையே வெளில நில்லுன்னு சொன்னவ. நம்ம தெருச் சாக்கடைக்கு யாரு வேணும்னு யோசிச்சேன். குத்தினேன். புருஷன் வேற, கவுன்சிலர் வேற."

இதையே அன்றைக்கு அப்பாவிடமும் சொன்னாளாம். அவர், "சரிதான்" என்றாராம். "நானே எனக்குப் போடலாமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுத்தான் போட்டேன்" என்றும் சொன்னாராம். அது உண்மையோ, அம்மாவுக்காகச் சொன்னதோ தெரியவில்லை.

மறுநாள் கோர்ட்டில் வக்கீல் கத்தியிருக்கிறார். அப்பா காரணமே சொல்லவில்லை. சொன்னால் பொண்டாட்டி ஓட்டுக்கூட விழாதவன் என்று அவரைச் சிரிப்பார்கள், அது அவருக்குப் பெரிதில்லை. அம்மா தெருவில் நடக்கிறபோது ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், அதைத்தான் அவர் யோசித்தார்.

உன் சம்பந்தம் கலைந்த அன்றைக்கு, நானே போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அம்மா செருப்பை மாட்டியிருக்கிறாள். அப்பா வழியை மறித்துக்கொண்டு நின்றாராம். "அது உன் ஓட்டு. ஊருக்கு எதுக்குக் கணக்குக் காட்டணும்? பொண்ணுக்கு இதைவிட நல்ல எடம் வரும்" என்றாராம். வந்தது. மாமாவை எனக்கும் பிடிக்கும்.

இனி உன்னிடம் அம்மாவின் கேள்வி. "நர்சம்மா போயிட்டா, அவரும் போயிட்டாரு. இப்ப நானே என் ஓட்டைச் சொல்லலாமா, சட்டத்துல தடை இருக்கான்னு படிக்கிறவளைக் கேளு. தடை இல்லேன்னா, அந்தப் புள்ளைங்க முன்னாடி சொல்லச் சொல்லு. அவரை யாரும் வித்தவர்னு படிக்கக் கூடாது."

உன் தம்பி


நவம்பர் 28

அன்புள்ள அம்மாவுக்கும் தம்பிக்கும்,

நான் சுகம். கடிதம் வந்த அன்றைக்கு வகுப்புக்குப் போகவில்லை. உன் மாமா வேலையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, யாருக்கு என்ன ஆச்சு என்று பதறிவிட்டார். கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். வாசித்துவிட்டுத் தானே காபி போட்டுக் கொண்டுவந்தார்.

தம்பி, இதை உரக்க வாசி. அம்மா, நீ யாருக்குப் போட்டாய் என்று உன்னைக் கேட்க யாருக்கும் உரிமை கிடையாது. கோர்ட்டுக்கும் கிடையாது, புருஷனுக்கும் கிடையாது, பெற்ற பெண்ணுக்கும் கிடையாது. ஆனால் நீயாகச் சொல்வதைத் தடுக்கிற சட்டம் எதுவும் இல்லை. பேராசிரியையிடமும் பொதுவாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

அப்பா வாசல்வரை போய் அவர்களை வழியனுப்பியதை இத்தனை வருஷமும் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். குனிந்து போனார் என்று. இப்போது கண்ணை மூடிப் பார்க்கிறேன். அவர் குனியவே இல்லை, அம்மா. நேராகத்தான் நடந்து போனார்.

சொல்கிறேன். நீ சொன்னபடியே சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மகள்


டிசம்பர் 16

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலமா? நேற்றுப் பேசிவிட்டேன். இதை ஒரு வரி விடாமல் அம்மாவுக்கு வாசி.

முதலில் சட்டத்தைச் சொன்னேன். உறை என்றால் என்ன, எப்போது பிரிக்கலாம், ரகசியத்துக்கும் நியாயத்துக்கும் நடுவில் நீதிபதி எப்படித் தடுமாறி வழி கண்டார் என்று. டெலிபோன் ஆபீஸ் குரல் கைவிடவில்லை. பிறகு, முன்பு வகுப்பில் பார்த்த அந்தப் பழைய படத்தைச் சொன்னேன். அதில் தோற்ற வேட்பாளர் ஜன்னலோரம் நின்று அரைமணி நேரம் வசனம் பேசுவார், பின்னணியில் வயலின் அழும். இந்த வழக்கில் தோற்றவர் ஒரு சட்டையைத் தேய்த்து முடித்தார் என்றேன். மனுதாரர் என் அப்பா என்று அப்போதுதான் சொன்னேன்.

அம்மா கேட்டது, அப்பா சொன்னது, அம்மா ஏன் நர்சம்மாவுக்குப் போட்டாள், எல்லாவற்றையும் சொன்னேன். "புருஷன் வேற, கவுன்சிலர் வேற" என்றபோது சிரித்தார்கள். இது வேறு சிரிப்பு. நர்சம்மா பதவிக்கு வந்து நம் தெருச் சாக்கடையை மூடியதையும், அதற்குப் பிறகு எதிரில் பார்க்கும்போதெல்லாம் அப்பாதான் முதலில் வணக்கம் சொல்வார் என்பதையும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

நான் பேசுவதற்கு முன் பேராசிரியை கரும்பலகையில் 'காரணம்: தெரியவில்லை' என்று எழுதியிருந்தார். எழுந்து போய் அதை அழித்தார். அந்த இடத்தில் வேறு எதையும் எழுதவில்லை.

முன்பெஞ்சுப் பையன் வாசலில் காத்திருந்தான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று நினைத்தேன். முகத்தில் அது இருந்தது, ஆனால் வாயில் வேறு கேள்வி வந்தது. "உங்க அப்பா மறுபடி நின்னிருந்தா அம்மா அவருக்குப் போட்டிருப்பாங்களா, ஆன்ட்டி?" என்றான். தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உரிமை இல்லாத கேள்விதான், இருந்தாலும் அவன் சார்பில் கேட்கிறேன்.

மதிப்பெண் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் கையெழுத்து இன்னும் திருந்தவில்லையாம்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மாமாவும் நீயும் புது வருஷத்தில் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை மூன்று முறை வாசிக்கச் சொன்னாள் அம்மா. மூன்றாவது முறை உன் தம்பி மனைவியும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பையனின் கேள்விக்கு அம்மாவின் பதில்: "அது ரகசியம்னு சொல்லு. சட்டம் படிக்கிறான்ல?"

அதன் பிறகு யாரும் கேட்காமலே ஒன்று சொன்னாள். எனக்கும் இதுவரை சொல்லாதது.

மனுவைத் திரும்பப் பெற்ற அன்று கோர்ட்டிலிருந்து அப்பா நேராக வீட்டுக்கு வந்தார். அதே வெள்ளைச் சட்டை. அம்மாவைக் கிளம்பச் சொன்னார். எங்கே என்று கேட்டால் சொல்லவில்லை. தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போய், தான் தினமும் உட்கார்ந்திருக்கிற ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நின்று, உள்ளே கை நீட்டி இரண்டு பால்கனி டிக்கெட் வாங்கினார். அன்றைக்கு அப்பாவுக்குப் பதிலாக உட்கார்ந்திருந்தவர் பதறிப்போய் எழுந்து நின்றாராம். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இருவரும் டிக்கெட் வாங்கிப் படம் பார்த்தது அதுதான் முதல் முறை.

முதல் பாதி முழுக்க அம்மாவுக்குத் திரையில் என்ன ஓடியது என்றே தெரியவில்லை. இடைவேளையில் விளக்குப் போட்டதும் அப்பா முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"நான் நின்னதே தப்புன்னு நெனக்கிறியா?"

அம்மா யோசித்துத்தான் பதில் சொன்னாளாம்.

"நின்னது சரிதான். ஜெயிச்சிருந்தாத்தான் தப்பு."

அப்பா சிரித்தார், அக்கா. தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, கீழ் வரிசையில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். அவரைப் பார்த்து அம்மாவும் சிரித்துவிட்டாள். அடக்க அடக்க இன்னும் வந்ததாம்.

ஊர் பார்த்தது அதைத்தான். கேஸைக் கைவிட்ட அன்றைக்கே பெண்டாட்டியோடு பால்கனியில் உட்கார்ந்து இப்படிச் சிரிக்கிறான் என்றால் காசு வாங்காமலா என்று இடைவேளை முடிவதற்குள் ஒருவன் சொல்ல, படம் விடுவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அந்தப் பேச்சு ஆரம்பித்த இடம் அந்தப் பால்கனிதான்.

அடுத்த வாரமும் அப்பா படத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். வெளியே என்ன பேசுகிறார்கள் என்று தெரியுமா, மறுபடி போய் அங்கேயே உட்காரணுமா என்று அம்மா தயங்கினாள்.

"பேசட்டும்" என்றாராம் அப்பா. "நீ சீக்கிரம் கிளம்பு, படம் போட்டுடுவான்."

உன் அன்புத் தம்பி